செவ்வாய்க்கிழமை ஜாங்கிரி

ஐம்பதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். வயது இருபத்து நான்கு. கையெழுத்து நன்றாக இருக்கும். மிக்சர் கலக்கினால் அளவு தப்பாது. ஊசி போட்டால் நோயாளி முனகமாட்டான். என்னைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இவ்வளவுதான் இருக்கிறது. மீதியைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் ஒரு ஜாங்கிரிப் பைத்தியம்.

பைத்தியம் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மூன்று ஜாங்கிரி. அமாவாசை, காய்ச்சல், அத்தை சாவு, எதற்கும் விடுமுறை கிடையாது. அத்தை செத்த அன்று தலை முழுகிவிட்டு ஈரத் தலையோடு போய்த் தின்றேன். துக்கத்தில் தின்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் துக்கம் குறைந்திருந்தது, ஜாங்கிரி குறையவில்லை.

அப்போது மாநிலம் முழுக்க மதுவிலக்கு. குடிக்காமல் இருந்தால் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பெர்மிட் கிடைக்கும். அந்தச் சீட்டுக்காகக் கை நடுங்க நடுங்க எங்கள் கிளினிக்குக்குச் சிலர் வருவார்கள். அவர்களை உட்காரவைத்து நான் உபதேசம் செய்வேன். "மனசுல ஒரு உறுதி வேணும்யா. வேணாம்னு வெச்சா வேணாம்தான்" என்பேன். சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். நாலு மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும். என் சரக்குக்குப் பெர்மிட் தேவையில்லை என்பது ஒன்றுதான் எங்களுக்குள் வித்தியாசம்.

கிளினிக்கிலிருந்து ரயிலடி கூப்பிடு தூரம். ரயிலடிக்கு எதிரே ஒரு காபி ஹோட்டல். நாலு மணிக்கு ஒரு பாசஞ்சர் வண்டி வரும். வண்டி ஊதுகிற நேரத்தில்தான் அங்கே ஜாங்கிரியை எண்ணெயிலிருந்து எடுத்துப் பாகில் போடுவார்கள். ஊதல் சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு வாயில் தண்ணீர் ஊறும். கையில் இருக்கும் மருந்து பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, எப்போது செருப்பை மாட்டினேன் என்று தெரியாமல் தெருவில் நடந்துகொண்டிருப்பேன். ஒருநாள் வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். கடிகாரம் நாலு அடித்தது, நாலரை அடித்தது, எனக்கு ஜாங்கிரி நினைப்பே வரவில்லை. ஐந்தரைக்கு ஊதினான். உடனே ஊறிவிட்டது. என் வயிறு ரயில்வேயின் கால அட்டவணைப்படி நடக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டபடியே போய்த் தின்றும் விட்டேன்.

ஒன்றோடு நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். நம் ஊர் டிபன் ஒழுங்கு அப்படி நிறுத்த விடாது. முதலில் இனிப்பு, பிறகு காரம், கடைசியில் காபி. ஜாங்கிரி தின்றால் நாக்குக்குக் காரம் கேட்கும். காராபூந்தி தின்றால் அந்தக் காரத்துக்கு ஒரு இனிப்பு கேட்கும். இரண்டும் தின்ற வாய்க்குக் காபி கசக்கும், கசப்புக்கு மாற்றாக இன்னொன்று. இந்தச் செக்கை எவன் கண்டுபிடித்தானோ, என்னைப் போன்ற மாட்டை மனதில் வைத்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இந்த லட்சணத்தில் கிளினிக்கில் என் முக்கிய வேலை சர்க்கரை பார்ப்பது. பரிசோதனைக் குழாயில் நீல மருந்தைக் கொஞ்சம் ஊற்றி, நோயாளியின் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் திட்ட ஆரம்பிப்பார். எத்தனை பேருடைய குழாயை அந்த விளக்கில் காட்டியிருப்பேன்! என்னுடையதை ஒருநாளும் காட்டியதில்லை. பிசுபிசுக்கிற விரலால் அடுத்தவன் சர்க்கரையை எழுதிவைப்பதில் எனக்குக் கூச்சமும் இருந்ததில்லை.

விட முயலவில்லை என்று சொல்ல முடியாது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் ஒரு மணி நேரத்துக்கு நாக்கில் இனிப்பே தெரியாது. சர்க்கரையை அள்ளிப் போட்டால் மணல் மாதிரி இருக்கும். ஒருநாள் மூன்றே முக்காலுக்கு நாலைந்து இலையை மென்று துப்பிவிட்டு வீரமாக ஹோட்டலில் போய் உட்கார்ந்தேன். ருசியில்லாததை எவன் தின்பான், இன்றோடு ஒழிந்தது என்பது என் திட்டம். முதல் ஜாங்கிரி வாயில் நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதையும் தின்று முடித்துவிட்டு இலையில் ஒட்டியிருந்த பாகை வழித்தபோதுதான், இனிக்காத பண்டத்துக்காக என் விரல் இவ்வளவு பாடுபடுகிறதே என்று உறைத்தது. இந்த வியாதி நாக்கில் இல்லை என்று அன்றே தெரிந்திருக்க வேண்டும். குறிஞ்சான் இலை பழசாகிவிட்டது என்று முடிவு செய்தேன்.

சமீபத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். மூளைக்குள் டோபமின் என்று ஒன்று சுரக்கிறதாம். தின்னும்போது வருகிற சந்தோஷம் அதன் வேலை என்றுதான் முதலில் நினைத்தார்களாம். அப்படி இல்லை, பழகப் பழகத் தின்பதற்கு முன்னாலேயே, தின்னப் போகிறோம் என்ற அடையாளம் கிடைத்த உடனேயே அது சுரந்துவிடுகிறதாம். அதற்கப்புறம் பிடிக்கிறதோ இல்லையோ, கால் நடக்கும், கை நீளும், வாய் மெல்லும். பிடிப்பது வேறு, வேண்டியிருப்பது வேறு என்று போட்டிருந்தது. படித்ததும் எனக்கு ஒரே நிம்மதி. எல்லாம் அந்தச் சுரப்பு செய்த வேலை, நான் அப்பாவி. அந்த நிம்மதி ஒரு காபி குடித்து முடிக்கிற வரைக்கும் இருந்தது. அப்புறம் பாய் ஞாபகம் வந்துவிட்டது.

பாய் புதுப்பட்டினத்துக்காரர். சவுக்கு வியாபாரி. கடலோர மணலில் சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வெட்டி, பாதியைக் கால்வாயில் படகேற்றி மதராசுக்கும், மீதியைச் செங்கல்பட்டு ரயிலடிக்கும் அனுப்புவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆள் நல்ல உயரம், எப்போதும் சலவைச் சட்டை, பேச்சில் ஒரு சிரிப்பு. சர்க்கரை வியாதி. காலையில் தானே தொடையில் இன்சுலின் போட்டுக்கொள்வார். மருந்து சூட்டில் கெடாமல் இருக்க ஒரு மண்சட்டியில் கடல் மணலை நிரப்பி, தண்ணீர் தெளித்து, அதற்குள் பாட்டிலைப் புதைத்துவைத்திருப்பதாகச் சொல்வார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பஸ்ஸில் வந்து எங்களிடம் சிறுநீரைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டு போவார்.

எனக்கு அந்தச் சமயத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது. மூன்று ஜாங்கிரியைத் தினமும் தனியாகத் தின்கிறவனைப் பார்த்துப் பரிமாறுகிறவன் லேசாகச் சிரிக்க ஆரம்பித்திருந்தான். எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தால் அதே தீனிக்குப் பெயர் டிபன். ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி ஊதியதும் பாயைக் கூப்பிட்டேன்.

"வாங்க பாய், ஒரு டீ சாப்ட்டு வரலாம்."

"சக்கர இல்லாத டீயா? அது கஷாயம் தம்பி. நீ சாப்டு, நான் சும்மா பாத்துகினு குந்தறேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் வினை. தின்கிறவனை ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பட்டு வயிற்று வலி வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பார்க்கிறவருக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டால் கண் படாது. வயிற்று வலிக்குக் கிளினிக்கில் தினமும் படி படியாக மிக்சர் கலக்குகிறவன் நான். அந்த வலி எதனால் வருகிறது என்று டாக்டர் என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். இருந்தாலும் எதிரே ஒரு ஜோடிக் கண் என் இலையைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றில் பிசைந்தது. ஒரு சுற்றைப் பிய்த்து அவரிடம் நீட்டினேன்.

"வேணாம் தம்பி. டாக்டருக்குத் தெரிஞ்சா பேஜாரு."

"ஒரு விள்ளல்தானே பாய். பாத்துகினே இருந்தீங்கன்னா எனக்கு வயிறு வலிக்கும்."

கையில் எடுத்து நீட்டியதை மறுக்கிற மனிதரில்லை அவர். அதுவும் வேற்று மதத்துப் பிள்ளை ஆசையாகக் கொடுப்பதை மறுத்தால் தப்பாக நினைத்துக்கொள்வானோ என்று இருந்திருக்கும். வாங்கி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மூடிய விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, இவர் நம்ம ஜாதி. அன்று வெகு காலத்துக்குப் பிறகு என் ஜாங்கிரி நிஜமாகவே இனித்தது.

அடுத்த செவ்வாய் பாதி. அதற்கடுத்தது ஒன்று. ஆடி முடிவதற்குள் எங்கள் மேசைக்குக் கேட்காமலேயே ஆறு ஜாங்கிரி வந்தது. ஒருநாள் எழுந்திருக்கும்போது, "வூட்ல புள்ளைங்க கீது. அரை வீசை கட்டிக் குடுக்கச் சொல்லு தம்பி" என்றார். அரை வீசை என்றால் இன்றைய கணக்கில் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நிறையப் பிள்ளைகள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் பொட்டலம். சொல்வது நான், கட்டுவது ஹோட்டல்காரன். பாய் அந்த நேரத்தில் வாசலில் நின்று வண்டி மாடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இது என்ன என்று ஆச்சரியப்படுகிறவர் மாதிரி வாங்கிக்கொள்வார்.

குழாய் வாராவாரம் செங்கல் நிறம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார். "நான் இனிப்பத் தொடறதே இல்ல டாக்டர்" என்று பாய் கூரையைப் பார்த்துச் சொல்வார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு குழாய் கழுவுவேன். அந்த ஆறு மாதத்தில் எங்கள் கிளினிக் குழாய்கள் மாதிரி சுத்தமான குழாய்கள் ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

மாசி மாதம் தோப்பில் நடந்துகொண்டிருந்தபோது வெட்டிய சவுக்குக் கட்டை ஒன்று பாயின் இடது காலில், கட்டை விரலுக்குக் கீழே குத்திவிட்டது. சின்னக் காயம். ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டியது, ஒரு மாதம் ஆகியும் வாய் திறந்தபடி இருந்தது. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு அன்று திட்டவே இல்லை. திட்டாததுதான் பயமாக இருந்தது.

"இந்தப் பாருங்க பாய். சர்க்கரை எறங்கினாத்தான் இது ஆறும். எறங்கலைன்னா மொதல்ல வெரல் போகும், அப்புறம் கால் போகும். நான் பயமுறுத்தலை. எத்தனையோ பேருக்குப் பார்த்துட்டேன்."

பாய் என்னைப் பார்த்தார். நான் அயோடின் பாட்டிலைப் பார்த்தேன். அன்று இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசாமலேயே ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். கட்டுப் போட்டு முடிக்கிறபோது வண்டி ஊதியது. "டீ மட்டும்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். யார் சொன்னது என்று எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாததால் அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் நோன்பு கத்திரி வெயிலில் வந்தது. ஊசி போட்டுக்கொள்கிறவர் நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். பாய் கேட்கவில்லை. கடைசியில் டாக்டரே முணுமுணுத்தபடி மருந்தளவை மாற்றி எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை உதடெல்லாம் வெடித்து வந்து உட்காருவார். எச்சில்கூட விழுங்கமாட்டார். நாலு மணிக்கு வண்டி ஊதும். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு அசைவு இருக்காது. மத்தியானம் வயிறு முட்டத் தயிர்சாதம் தின்ற எனக்கு ஊறிக்கொண்டிருக்கும். விடிவதற்கு முன் சாப்பிட்டவர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"எப்படி பாய் முடியுது?" என்று கேட்டேன்.

"நோன்புன்னு மனசுல வெச்சிட்டா நெனப்பே வராது தம்பி. இது இப்ப உன்னுது இல்லன்னு ஒடம்புக்கே தெரிஞ்சிபூடுது."

அந்த மாதம் அவர் ஹோட்டல் பக்கமே வரவில்லை. பொட்டலமும் இல்லை. மாலையில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் ஒன்று, கஞ்சி, அவ்வளவுதான் என்றார். நான் மட்டும் பின்பக்க வழியாகப் போய், யாருக்கோ பயந்தவன் மாதிரி அவசரமாகத் தின்றுவிட்டு வருவேன்.

மூன்றாவது செவ்வாய் குழாயை விளக்கில் காட்டினேன். பச்சையில் நின்றுவிட்டது. நம்பாமல் இன்னொரு தரம் செய்தேன். பச்சைதான். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைப் பிரித்தால் புண்ணின் ஓரம் ரோஜா நிறத்தில் மூடிக்கொண்டு வந்திருந்தது. பாய் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, பிறந்த குழந்தையைக் காட்டுவது மாதிரி எனக்குக் காட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாய் போன பிறகு டாக்டர் மருந்து கலக்கும் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். "இந்த மாசம் அவர் எதையோ விட்டிருக்கார். பட்டினியால மட்டும் இது வராது. அது என்னன்னு தெரிஞ்சா அவர் காலைக் காப்பாத்திடலாம். நீ அவரோட பழகறே. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது சார்" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம் காரணமில்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளப் பல வருஷம் ஆசைப்பட்டேன். நிஜம் அதைவிடக் கேவலம். சொல்லிவிட்டால் நோன்பு முடிந்த பிறகும் நான் தனியாகத் தின்ன வேண்டியிருக்கும் என்று தோன்றியது. ஒரு நொடிதான் தோன்றியது. அதற்குள் வாய் தெரியாது என்று சொல்லிவிட்டது.

பெருநாள் முடிந்து வந்த முதல் செவ்வாய், பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, காதில் அத்தர் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். குழாய் பச்சை. புண் மொச்சைக்கொட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. இன்றைக்கு நேராக பஸ்ஸுக்குப் போகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் படியில் இறங்கும்போது வண்டி ஊதியது.

"பெருநாளே முடிஞ்சிடுச்சே பாய். ஒண்ணே ஒண்ணு. புண்ணுகூட ஆறிகினு வருதே" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் படியிலேயே நின்றார். குடையின் பிடியைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி வா" என்றார். அன்றைக்கு அவர் நாலு தின்றார், ஒரு மாதம் விட்டதற்கும் சேர்த்து. அரை வீசைப் பொட்டலத்தையும் நானே கொண்டுபோய் பஸ் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். டோபமின் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன்.

ஆடி பிறந்தபோது கட்டை விரல் கறுத்துவிட்டது. டாக்டரே காரில் மதராசுக்கு அழைத்துப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். விரலோடு நிற்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு முதன்முறையாக என் குழாயை விளக்கில் காட்டினேன். செங்கல் நிறம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்தால் பாதிப் பாவம் கழிந்துவிடும் போலிருந்தது. நீலமாகவே நின்றது. சித்திரை மாத வானம் மாதிரி ஒரு களங்கம் இல்லாத நீலம். அத்தனை ஜாங்கிரி தின்ற உடம்பு கல்லுக்குண்டாட்டம் இருந்தது, ஒரு விள்ளலில் ஆரம்பித்தவருக்குக் கால் போய்விட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "போய் அவரைப் பார்த்துட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

பாய் வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று பஜாரில் ஆறு சாத்துக்குடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பஸ் நிற்குமிடத்துக்கு ரயிலடி வழியாகத்தான் போக வேண்டும். போன வழியில் எனக்கென்று அரை டஜன் ஜாங்கிரியும் கட்டிக்கொண்டேன். இரண்டு மணி நேரப் பயணம், வழியில் பசிக்கும் என்று. யாரைப் பார்க்கப் போகிறோம், எதனால் அவர் படுத்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். இதை எழுதும்போது எனக்கே என்னை அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது உச்சிவேளை. கும்பல் முழுக்க அண்ணாந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு இரண்டு கழுகுகள் எங்கிருந்தோ வந்து பண்டாரத்தின் கையால் சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போகும். காசியில் குளித்துவிட்டு வருகின்றன என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் கும்பிட்டேன். ஆனால் எனக்கு அந்தப் பறவைகளைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. நெய்யும் வெல்லமும் எந்த நேரத்தில் எந்தப் பாறையில் கிடைக்கும் என்று பழகிவிட்ட ஜீவன்கள். அவற்றுக்கு ஊதல்கூட வேண்டியிருக்கவில்லை. பஸ் கிளம்பியதும் ஒரு ஜாங்கிரி தின்றேன். சதுரங்கப்பட்டினம் வருவதற்குள் இன்னொன்று.

பாய் வீட்டில் அவருடைய மனைவி கதவைத் திறந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "செங்கல்பட்டு கம்பவுண்டர் தம்பியா? உங்களப் பத்தி சொல்லிகினே இருப்பாரு. உள்ள வாங்க" என்றார். அந்த மரியாதையே என்னைச் சுட்டது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "புள்ளைங்கள்லாம் எங்க, காணோம்?" என்று கேட்டேன்.

"எந்தப் புள்ளைங்க?"

"வீட்டுப் புள்ளைங்கதான். வாராவாரம் ஜாங்கிரி வாங்கியாந்து குடுப்பாரே."

"எங்களுக்கு ஒரே பொண்ணு தம்பி. அதயும் கோவளத்துல கட்டிக் குடுத்து மூணு வருசம் ஆவுது. வூட்ல நாங்க ரெண்டு பேருதான்" என்றவர், சட்டென்று நிறுத்தினார். "இன்னா ஜாங்கிரி?"

நான் திருதிருவென்று விழித்தேன். அந்த அம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாய் தன் சவுக்கு மண்டியில் வைத்துத் தினமும் தின்றிருக்கிறார் என்பதும் புரிந்துவிட்டது, யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதும் புரிந்துவிட்டது. முக்காட்டின் ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுப்படியில் ஒரு பாத்திரத்தை வைத்த சத்தம் கேட்டது.

பாய் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பு ஆகியிருந்தார். போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தயார் செய்துகொண்டு வந்ததை எல்லாம் தடுமாறிச் சொன்னேன். என்னால்தான் பாய், டாக்டர் கேட்டபோது மறைத்தேன், பெருநாளுக்கு அப்புறம் நீங்கள் வேண்டாம் என்றுதான் கிளம்பினீர்கள், நான்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பைத்தியமாடா உனக்கு?" என்றார். "பக்கத்துல சதுரங்கப்பட்டினத்துல டாக்டரே இல்லியா? வாராவாரம் பஸ்ஸு ஏறி உன் டாக்டர் மூஞ்சியப் பாக்கவா வந்துகினு இருந்தேன்? நீ கூப்ட்டா நான் வந்தேன்? நீ கூப்டற வரிக்கும் படியில மொள்ள எறங்கினேன். அவ்ளோதான்."

என் பாவத்தில் பாதியை அவர் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் காலிலிருந்து என் பைக்கு எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. பாகு காகிதத்தை ஊறி, துணியையும் ஊறி, தரையில் ஒரு பொட்டு விழுந்திருந்தது.

"பையில இன்னா கீது?"

"சாத்துக்குடி பாய்."

"எறும்புக்கே தெரிஞ்சிபூட்ச்சி, எனக்குத் தெரியாதா? எட்றா தம்பி. ஒண்ணே ஒண்ணு." அவர் குரல் இறங்கிவிட்டது. "இனிமே இன்னா கீது போறதுக்கு? அவ அடுப்பாண்ட கீறா. சீக்கிரம் எடு."

இன்னொரு கால் இருந்தது. போர்வைக்கு வெளியே பாதம் தெரிந்தது, நகம் வெட்டி, எண்ணெய் தடவி, ஒரு கீறல் இல்லாமல். அதைப் பார்த்துக்கொண்டே பையை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டேன். "மாட்டேன் பாய்" என்றேன். அவர் கையை நீட்டினார். எவ்வளவோ செவ்வாய்க்கிழமை அவர் கேட்காமலேயே நான் ஜாங்கிரி வைத்த கை. நீட்டியது அப்படியே இருந்தது. என் கை நீளவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உறுதியான காரியம் அது, செய்யும்போது கொலை செய்கிற மாதிரி இருந்தது.

"போய்டு" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சாத்துக்குடிகளை எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கால் போனதற்காக அவர் என்மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அன்றைக்குக் கொடுக்காததற்கு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. மிஞ்சிய அந்த ஒரு காலோடு, கட்டையை ஊன்றிக்கொண்டு, தோப்புக்கு எல்லாம் போய்க்கொண்டிருந்தார் என்று டாக்டர் மூலம் தெரியும்.

மீதி நாலு ஜாங்கிரியை வழியில் சவுக்குத் தோப்பு மணலில் கொட்டிவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. டாக்டரிடம்கூட அப்படித்தான் சொன்னேன். கொட்டவில்லை. பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, அழுதுகொண்டே நாலையும் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.